துணி ஸ்ப்ரே அடிப்பவர்கள் விடும் தவறுகள்

மட்டக்களப்பு கல்லடியில் குஷன் வேலை செய்கிறேன். செட்டி (சோபா), மெத்தை, வாகன சீட் எல்லாம் பிரித்துத் தைப்பது, கழுவிக் கொடுப்பது. இந்த வருஷம் புதிதாக இரண்டு பெடியன்கள் சேர்ந்திருக்கிறார்கள். போன கிழமை அதில் ஒருவன், மழையில் நனைந்து வந்த மெத்தைக்கு நேரே, துணியில் ஏறிய கெட்ட மணத்தைப் போக்க அடிக்கும் ஸ்ப்ரே போத்தலை நீட்டினான், ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். அதே வேலையைச் செய்து காசு கட்டியவன் நான். கண்ணில் படக்கூடாது, நெருப்புக்குப் பக்கத்தில் அடிக்கக்கூடாது என்பதெல்லாம் போத்தலிலேயே இருக்கிறது, அவற்றை விடுவோம்.

ஈரத்தின் மேல் அடிப்பது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. 2011 ஜனவரி வெள்ளம் வடிந்த நேரம். தெரிந்த ஆச்சி ஒருவரின் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. செட்டியை நாலு செங்கல்லில் தூக்கி வைத்திருந்ததால் தண்ணீர் தொடவில்லை, ஆனால் அத்தனை நாளும் ஈரக் காற்றில் கிடந்து பூஞ்சண மணம் ஏறிவிட்டது. "தம்பி, கலியாணத்துக்கு ஆக்கள் வருவாங்க, இந்த மணத்தை எடுத்துத் தாங்க" என்றார். நான் முக்கால் போத்தல் அடித்து, மழை தூறுகிறதே என்று பொலித்தீன் போட்டு மூடிவிட்டு வந்தேன். அன்றைக்கு வீடெல்லாம் பூ வாசம். ஆறாம் நாள் போய்ப் பொலித்தீனைத் தூக்கினால், சாயும் பக்கம் முழுக்க மிளகுத்தூள் கொட்டினது போலக் கறுப்புப் புள்ளி, தையல் ஓரத்தில் விரல் வைத்தால் வழுவழுப்பு. ஸ்பொஞ்சும் துணியும் என் கைக்காசில் மாற்றினேன். ஆச்சி ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. இந்த வகை ஸ்ப்ரேக்களில் வேலை செய்வது சைக்ளோடெக்ஸ்ட்ரின், மாப்பொருளிலிருந்து எடுப்பது. ஏழு குளுக்கோஸ் வட்டமாகக் கோத்த வளையம், உளுந்து வடை போல என்று வையுங்கள். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும், நடு ஓட்டைக்குத் தண்ணீர் ஆகாது. மணம் தரும் மூலக்கூறுகள் பலவும் எண்ணெய்க் குணம் உள்ளவை என்பதால் அந்த ஓட்டைக்குள் போய் அடங்கிவிடும், அடங்கியது பறந்து மூக்குக்கு வராது. 1998இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்த ஃபெப்ரீஸ் இந்த வழியில்தான் பெயர் எடுத்தது. ஆனால் வளையம் பிடிப்பது அந்த நேரம் துணியில் இருக்கிற மணத்தை மட்டும். பூஞ்சணம் உயிரோடு உள்ளே இருந்தால் அது புதிது புதிதாக மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை வளையத்தை அனுப்புவது? அதோடு ஸ்ப்ரேயில் பெரும்பங்கு தண்ணீர். ஈரத்துணியில் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்றால், நான் ஊற்றி மூடி வைத்தது அதற்குச் சாப்பாடு.

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் எங்கள் பக்கம், அதுவும் வாவிக்கரை வீடுகளில், எதுவும் தானாகக் காயாது. முதலில் ஃபேனைப் போட்டு, வெயில் வந்தால் முற்றத்தில் நிமிர்த்தி வைத்துக் காய வையுங்கள். நாலாக மடித்த டிஷூவைச் சீட்டில் வைத்து அதன்மேல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பேன், எடுக்கும்போது குளிர்ந்திருந்தால் ஸ்பொஞ்சில் இன்னும் ஈரம் உண்டு. காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே, அடித்த பிறகும் திரும்பக் காய வேண்டும். வெள்ளத் தண்ணீரே உள்ளே போன மெத்தை என்றால் ஸ்ப்ரே பேச்சே வேண்டாம், எறியுங்கள்.

எட்ட நின்று தூவுவது

இது மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம். காய்ந்த துணிக்குப் பயந்து பயந்து அடித்தாலும் பலனில்லை. வளையம் மணத்தைச் சந்திக்கத் தண்ணீர் வேண்டும், மணம் நூலுக்குள் இருக்கிறது. தடவினால் கை நனையும் அளவுக்கு அடியுங்கள், சொட்டும் அளவுக்கு வேண்டாம்.

மீன் தண்ணீருக்கு முதல் ஆளாக ஸ்ப்ரே

வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றிவந்த வான் சீட் அடிக்கடி வரும். மீன் நாற்றத்தில் முக்கியமானது டிரைமெத்தில்அமீன், அது காரத்தன்மை உள்ளது. மீனுக்குத் தேசிக்காய் பிழிகிற அதே காரணம் இங்கேயும்: அமிலம் பட்டால் அது உப்பாகிப் பறக்காமல் நின்றுவிடும். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்து, மீன் தண்ணீரைக் கழுவிக் காய வைத்த பிறகு மிச்ச மணத்துக்கு ஸ்ப்ரே அடியுங்கள். கழுவாமல் அடித்தால் அடுத்த நாள் வெயிலில் வான் கதவைத் திறக்க ஏலாது.

வாசத்தை நம்பி வாங்குவது

லேபிளைப் பாருங்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்றோ மணத்தைப் பிடிக்கும் வேறு பொருள் என்றோ ஒன்றும் இல்லாமல் வெறும் வாசனை மட்டும் இருந்தால், அது சென்ட்.

மருதமுனைக் கைத்தறி

உள்மடிப்பில் அடித்து வெள்ளைத்துணியால் ஒற்றிப் பாருங்கள், சாயம் வந்தால் நிறுத்துங்கள்.

பட்டுச்சீலை

வேண்டாம். தண்ணீர்ப் புள்ளி போகாது.