மேலும் கீழும் தணல்: உம்மம்மாவின் முறையில் தம்மடை

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் முஸ்லிம் வீடுகளில், ஓவன் என்ற சாதனம் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே பெண்கள் விறகடுப்பில் சுட்டெடுத்த பலகாரம் தம்மடை. இதில் மைதாவும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. பெருநாளுக்கு முந்தைய மாலையில் எங்கள் உம்மம்மாவின் (அம்மாவின் அம்மா) அடுப்பங்கரையிலிருந்து தெருமுனை வரை வீசிய நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனையை இன்றைய சமையலறையிலும் வரவழைக்க முடியும். அதற்குத் தணலின் போக்கு தெரிந்திருந்தால் போதும்.

ரவை 250 கிராம், சீனி 300 கிராம், முட்டை 6, நெய் 150 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, முந்திரி ஒரு கைப்பிடி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை தேவை. பாதி நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையை நிறம் மாறாமல் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் தேங்காய்ப்பாலில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். சீனி கரையும்வரை முட்டையை அடித்து, உப்பு, ஏலக்காய்ப் பொடி, மீதி நெய் ஆகியவற்றுடன் ரவையில் சேர்க்கவும்.

அடுத்த படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கலவையை மிக இளந்தீயில் வைத்துக் கைவிடாமல் கிளறி, தோசைமாவுப் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரவை அடியில் தங்கி, முட்டை மேலே தனியாக நிற்கும். தீ கூடினாலோ முட்டை திரிந்துவிடும்.

நெய் தடவிய கனமான சட்டியில் இதை ஊற்றி, மேலே முந்திரியைத் தூவி, விளிம்பு உயர்ந்த தட்டையான மூடியால் மூடவும். உம்மம்மா வெள்ளீயம் பூசிய செப்புச் சட்டியை வைத்திருந்தார். வெள்ளீயம் தேய்ந்த செம்பில் செய்யவே கூடாது. சிரட்டைக் கரித் தணலில் ஒரு பங்கைக் கீழேயும் இரண்டு பங்கை மூடியின் மேலும் பரப்ப வேண்டும். அடிப்பாகம் நெருப்பை ஒட்டியே இருப்பதால் சீனி விரைவில் கருகிவிடும். மேற்புறத்துக்கோ இடைவெளியைக் கடந்துதான் சூடு வந்து சேரும். கீழ்த்தணல் சீறினால் உம்மம்மா ஒரு பிடி சாம்பலைத் தூவி அடக்குவார், மேல்தணல் சோர்ந்தால் ஓலை விசிறியால் இரண்டு வீச்சு வீசுவார், ஆனால் முதல் அரைமணி நேரம் மூடியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். பிறகு ஈர்க்குச்சியைக் குத்தி, அது ஒட்டாமல் வந்தால் இறக்குவார்.

கரித் தணலை முற்றத்திலோ மொட்டைமாடியிலோ மட்டுமே வைக்கவும். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. கேஸ் அடுப்பு மட்டும் உள்ளவர்கள் பழைய தோசைக்கல்லின் மேல் சட்டியை வைத்துச் சிறுதீயில் வேகவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் நன்றாகக் காய்ந்த இன்னொரு இரும்புக் கல்லால் சட்டியை மூடினால் மேற்புறமும் சிவக்கும். ஓவனில் 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் ஆகும். வேலை சுலபம், புகைவாசனைதான் இருக்காது.

முழுவதும் ஆறிய பிறகே துண்டு போடவும், சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் மறுநாளுக்கு மேல் வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.