சர்ஜன்கள் சேர்ந்து மாசாமாசம் ஜர்னல் கிளப் நடத்துறது எப்படி

ஜர்னல் கிளப்னா டாக்டர்கள் சேர்ந்து மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையப் படிச்சுப் பேசுற கூட்டம். மொதல்ல நாள ஃபிக்ஸ் பண்ணுங்க, ரெண்டாவது வியாழன்னா எப்பவும் ரெண்டாவது வியாழன்தான், ஆளுக்காக மாத்த ஆரம்பிச்சா மூணாவது மாசமே நின்னுபோவும். நாகர்கோவில்ல வச்சா குலசேகரத்துல இருந்து வாறவருக்கும் கன்னியாகுமரில இருந்து வாறவருக்கும் ஒத்துவரும், ஓபி முடிச்சு வரணும்ல, ராத்திரி 8 மணி சரி.

பேப்பர் ஒண்ணே ஒண்ணு போதும். ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்ல போட்டுருங்க. 15 நிமிஷம், யாருக்கு செஞ்சாங்க, எதோட ஒப்பிட்டாங்க, நம்ம பேஷண்டுக்கு பொருந்துமா, அவ்வளவுதான். 1875ல டாக்டர் வில்லியம் ஆஸ்லர் கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டில ஜர்னல் கிளப் ஆரம்பிச்சப்பவும் எல்லாரும் சேர்ந்து ஜர்னல் வாங்கிப் படிக்கணும்னுதான் ஆரம்பிச்சார்.

அப்புறம் மரச்சீனியும் மீன்கறியும். காச நம்மளே பங்கு போட்டுக்கணும், கம்பெனி ஸ்பான்சர் வேண்டவே வேண்டாம்.

கேஸ்தான் உயிர். பித்தப்பை லேப்ராஸ்கோபி (சின்ன துளை போட்டு கேமராவோட செய்யுற ஆபரேஷன்) வீடியோன்னா, குழாய அடைக்கிற கிளிப்ப போடுறதுக்கு முந்தின செகண்ட்ல பாஸ் பண்ணுங்க. கொழுப்பெல்லாம் கிளியரா எடுத்தாச்சா, பித்தப்பையோட கீழ் மூணுல ஒரு பங்கு லிவர்ல இருந்து பிரிஞ்சிருக்கா, பித்தப்பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய்தானா, இத ஜூனியர் மொதல்ல சொல்லணும், சீனியர் கடைசில பேசணும். பேஷண்ட் பேரு, ஐபி நம்பர் (ஆஸ்பத்திரில அட்மிட் ஆன நம்பர்) எல்லாம் அழிச்சிருக்கணும்.

நல்லா வந்த கேஸ மட்டும் கொண்டுவராதீங்க. ஒருதடவ நான் பித்தநாளம் அடிபட்ட என் கேஸையே காட்டினேன், ரூம்ல சத்தமே இல்ல, அப்போ ஒரு சீனியர் நாற்காலிய இழுத்துப் பக்கத்துல போட்டு, "எனக்கும் நடந்திருக்கு மோனே, வீடியோவ திரும்பப் போடு"ன்னார்.