ஜப்பான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகப்போற மலைப் பிள்ளைங்களுக்கு, கோத்தகிரியில இருந்து

ப்ளஸ் ஒன் பரீட்சை முடிஞ்ச மே மாசம் ஸ்கூல் எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டு வாரம் ஜப்பான்ல ஷிஸுவோகா போயிட்டு வந்தேன், தங்கினது ஒரு டீ விவசாயி வீட்ல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஜூனியர் பிள்ளைங்க போன் பண்ணி "அக்கா என்ன எடுத்துட்டு போகணும், அங்க போய் என்ன பேசறது"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

முதல்ல பாஸ்போர்ட். எக்ஸ்சேஞ்ச் லிஸ்ட்ல பேர் வந்ததும் அன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க, நம்ம மாவட்டம் கோயம்புத்தூர் ஆபீஸ் கீழ வருது, பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு அப்பா அம்மா கையெழுத்து போட்ட அனெக்சர் டிங்கற சம்மதப் பத்திரம் வேணும். ஃபார்ம்ல இனிஷியல் மட்டும் போட முடியாது, விரிச்சு எழுதணும், அப்ப பர்த் சர்டிபிகேட், ஆதார், மார்க் ஷீட் மூணுலயும் ஸ்பெல்லிங் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. எனக்கு பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர்ல ஒரு ஹெச் இருக்கு, ஆதார்ல இல்ல, அந்த ஒரு எழுத்தைத் திருத்த ஒன்றரை மாசம் ஆச்சு, எங்கப்பா வேலைக்கு லீவு போட்டு நாலு தடவை மலை இறங்கினாரு. டிக்கெட்லயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் இருக்கணும்.

ஃப்ளைட் அன்னைக்குக் காலையில இறங்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மே மாசம் சீசன், மேல ஏறுற வண்டி குன்னூர் வழி, இறங்குற வண்டி பூரா நம்ம கோத்தகிரி வழின்னு திருப்பி விட்டுடுவாங்க, மேட்டுப்பாளையம் போய்ச் சேரவே எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியாது. முந்தின நாளே இறங்கி சொந்தக்காரங்க வீட்ல படுத்துடுங்க.

பையில என்னன்னா, சொக்கா துணி எல்லாம் உங்களுக்கே தெரியும், குளிருக்கு நம்மகிட்ட இல்லாத ஜெர்கினா. ஆனா மே மாசம் ஷிஸுவோகா நல்ல வெயில், ஒரு ஸ்வெட்டர் போதும். அங்க கரண்ட் 100 வோல்ட், தட்டையான ரெண்டு பின், போன் சார்ஜர்ல 100-240ன்னு பொடி எழுத்துல இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம், பின் மாத்தற அடாப்டர் மட்டும் வாங்குங்க. கறி, கருவாடு கலந்த ஊறுகா, மாம்பழம், கறிவேப்பிலை எதையும் வைக்காதீங்க. சளி மாத்திரையில சூடோஎபிட்ரின் அதிகமா இருந்தா ஜப்பானுக்குள்ள விடமாட்டாங்க, அதனால மாத்திரை அட்டையை டீச்சர்கிட்ட காட்டிட்டு வைங்க.

அவங்க வீட்டுக்குக் கொடுக்க ஏதாவது கொண்டு போறது கட்டாயம். ஹோம்மேட் சாக்லேட் வேண்டாம், கோயம்புத்தூர் வெயிலுக்கே உருகிடும். வர்க்கி கொண்டு போங்க, ஆனா கவர்ல வெச்சா தூளாயிடும், எவர்சில்வர் டப்பாவுல டிஷ்யூ வெச்சு அடுக்குங்க. பாக்கெட் போட்ட டீத்தூள் கொண்டு போகலாம். நான் கூடவே தோடர் எம்பிராய்டரி போட்ட சின்ன பர்ஸ் ஒண்ணு எடுத்துட்டு போனேன், வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா நூல் வேலை, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது. அந்த வீட்டம்மா அதைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் எப்படி தெச்சிருக்காங்கன்னு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க.

பாஷைக்குப் பயப்படாதீங்க. இங்கிலீஷ் வழியா யோசிச்சா ஜப்பான் பாஷை கஷ்டம், தமிழ்ல இருந்து யோசிச்சா பாதி வந்துடும், ஏன்னா நம்மள மாதிரியே வினைச்சொல்லு கடைசியில வரும், நம்ம "ஐ, கு"ன்னு ஒட்டறது மாதிரி அவங்களும் வார்த்தைக்குப் பின்னாடிதான் ஒட்டறாங்க. நான் டீயைக் குடிக்கிறேன்ங்கறத அதே வரிசையில "வதாஷி வா ஓச்சா ஓ நொமிமாஸ்"னு சொல்லலாம். சாப்பிடறதுக்கு முன்னாடி "இதாதகிமாஸ்", முடிச்சதும் "கோச்சிசோசாமா". வீட்டம்மாவை ஓகாசான், ஐயாவை ஓதோசான்னு கூப்பிடுங்க. மீன் சாப்பிடாதவங்க முதல் நாளே சொல்லிடணும், காய் சூப் மாதிரி தெரியறதுலயும் மீன் கொதிக்க வெச்ச தண்ணி இருக்கும்.

குளியல் பத்தி யாரும் எனக்குச் சொல்லல. தொட்டிக்கு வெளிய ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு சுத்தமா குளிச்சிட்டு, அப்புறம்தான் தொட்டி வெந்நீர்ல இறங்கணும், அதே தண்ணியில வீட்ல எல்லாரும் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா இறங்குவாங்க. விருந்தாளின்னு என்னை முதல்ல அனுப்பினாங்க, நான் குளிச்சு முடிச்சு மரியாதையா அடைப்பானைப் பிடுங்கி தண்ணியெல்லாம் விட்டுட்டேன், அன்னைக்கு அவங்க மறுபடி தொட்டி நிரப்பி சூடு பண்ண வேண்டியதாயிடுச்சு. ஒரு வார்த்தை திட்டல, எனக்குத்தான் மனசு கேக்கவே இல்ல. நீங்க அடைப்பானைத் தொடாதீங்க, மூடியைப் போட்டு வெச்சிட்டு வாங்க.

ஸ்கூல்ல வாசல்லயே ஷூவைக் கழட்டி உள்ளுக்குப் போடற செருப்பு மாத்தணும், மத்தியானம் பிள்ளைங்களே கிளாஸ், வராண்டா எல்லாம் கூட்டித் துடைப்பாங்க. வேடிக்கை பாக்காம துணியை வாங்கிட்டு இறங்குங்க, ஃப்ரெண்ட் கிடைக்கறது அங்கதான்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். எல்லாரும் ஜப்பானைப் பத்திதான் படிச்சிட்டு போறோம், நம்ம ஊரைப் பத்தி கேட்டா முழிக்கிறோம். அந்த வீட்டுத் தாத்தா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, செடியெல்லாம் வரிசையா தலை உருண்டையா வெட்டியிருக்கு, நடுநடுவுல கரண்ட் கம்பம் மாதிரி உசரமா கம்பி நட்டு மேல ஃபேன் மாட்டியிருக்கு. எதுக்குன்னு கேட்டேன். பனி ராத்திரியில குளிர் காத்து கனமா தரையோட படிஞ்சிடுமாம், அதுக்கு மேல கொஞ்சம் வெதுவெதுப்பான காத்து நிக்குமாம், ஃபேன் அதைக் கீழ தள்ளி கொழுந்து கருகாம காப்பாத்துமாம். நமக்கு உறைபனி மார்கழி தையில, அவங்களுக்கு முதல் கொழுந்து வர்ற சித்திரை வரைக்கும் பயம். நம்ம ஊர்ல சின்னச் செடி மேல காஞ்ச புல்லும் பெரணித் தழையும் போட்டு மூடுவோம்னு கையால காட்டினேன், தாத்தா நின்னு கேட்டாரு.

அடுத்து அவர் கேட்டதுதான், ஒரு கிலோ தூளுக்கு உங்க ஊர்ல எத்தனை கிலோ பச்சை இலை? எனக்குத் தெரியல. எங்கம்மா தினமும் கொழுந்து பறிக்கறவங்க, நான் ஒரு நாள் கூட கேட்டதில்ல. நமக்கு அஞ்சு மணின்னா அங்க எட்டரை, அம்மா காட்ல இருந்து வந்ததும் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன், நாலு கிலோவுக்கு மேல வேணும்னு. மறுநாள் அந்த வீட்டுப் பாட்டி கேட்டாங்க, எத்தனை தலைமுறையா தேயிலை? அதுக்கு எங்க அப்பாயிக்குப் போன். அப்பாயி பொறந்தது இலங்கையில தேயிலைத் தோட்டத்துல, அங்க இருந்த தோட்டத் தமிழர்கள்ல ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பறதுக்குப் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு நீலகிரிக்கு வந்தவங்க, அவங்க அப்பா அம்மாவும் அங்க கொழுந்து பறிச்சவங்க. இதை முழுசா நான் முதல் தடவை கேட்டது ஷிஸுவோகாவுல ஒரு அடுப்படியில உக்காந்துக்கிட்டு, போன்ல. பாட்டிக்கு நான் பாதி இங்கிலீஷ் பாதி சைகையில சொல்லச் சொல்ல அவங்க கண்ணு கலங்கிடுச்சு.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வீட்ல பெரியவங்ககூட உக்காருங்க, கொழுந்து, கவாத்து, ஃபேக்டரியில இலையை வாட்டறது அரைக்கறதுன்னு ஒண்ணொண்ணா கேட்டு நோட்ல எழுதுங்க. ஃபியூஜி 3,776 மீட்டர்னு அவங்க சொல்லும்போது நம்ம தொட்டபெட்டா 2,637ன்னு சொல்லத் தெரியணும். பல் சக்கர ரயில் இந்தியாவுல நம்ம மேட்டுப்பாளையம் லைன்ல மட்டும்தான், ஜப்பான்லயும் ஒரே இடம்தான், அதுவும் அதே ஷிஸுவோகாவுல ஓய் ஆத்துப் பக்கம், ரெண்டுமே ஆப்ட்ங்கற ஒரே பல் சக்கர முறை. நம்ம ரயில் போட்டோ நாலஞ்சு போன்ல வெச்சிருந்தா ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம்.

நாலாவது நாளு அழுகை வரும், வந்தா வரட்டும். நாள் பூரா வீட்டுக்குப் போன் போடாம ராத்திரி ஒரு தடவை பேசுங்க, ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காராம அடுப்படிக்குப் போய் காய் நறுக்கிக் கொடுங்க. அவங்க டீயில பால் சர்க்கரை கேக்காதீங்க, கொதிக்கிற தண்ணியும் ஊத்தக் கூடாது, எழுபது எண்பது டிகிரிக்கு ஆற வெச்சுத்தான் ஊத்துவாங்க.

திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள்ள கையால லெட்டர் எழுதிப் போடுங்க, வாட்ஸ்அப் மெசேஜ் போதாது. நான் அம்மா கூடையோட நிக்கற போட்டோவையும், பெரணித் தழை போட்டு மூடின செடி போட்டோவையும் சேத்து அனுப்பினேன், ரெண்டாவது போட்டோவுக்குத் தை மாசம் வரைக்கும் காத்திருந்து எடுத்து அது தனியா இன்னொரு கவர்.