சர்ச் கல்யாண ரிஜிஸ்டர்ல இருக்குற லத்தீன வச்சு இன்னொரு தலைமுறைய புடிக்கிறது எப்படி

தூத்துக்குடி, திருச்சி பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பம்னா பங்குல (அந்த ஏரியா சர்ச்ல) கல்யாண ரிஜிஸ்டர் இருக்கும், ஆனா திறந்த உடனே பாதிப் பேர் மூடிருவாங்க, ஏன்னா பழைய எழுத்தெல்லாம் லத்தீன்ல, அதுவும் சாமியார் அவசரத்துல சுருக்கி எழுதுனது. பயப்படாதீங்க, திரும்பத் திரும்ப வர்றது கொஞ்ச வார்த்தைதான்.

மொதல்ல பேரு. "ஃபிலியுஸ் பேத்ரி"ன்னு இருந்தா அப்பா பேரு பேத்ரி இல்ல, பேத்ருஸ். அவரோட மகன்னு சொல்றப்ப பேரோட வால் மாறிரும், அவ்ளோதான். அந்த பேத்ருஸ ஊர்ல ராயப்பன்னு கூப்பிட்டிருப்பாங்க, பவுலுஸ் சின்னப்பன், ஸ்தெஃபானுஸ் முடியப்பன், லாசருஸ் தேவசகாயம். பாட்டி சொன்ன பேர அப்படியே தேடுனா கெடைக்காததுக்கு பாதி காரணம் இதுதான்.

தேதியில 7 போட்டு ஒட்டி "ப்ரிஸ்"னு குட்டியா இருந்தா ஜூலை இல்லங்க, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 (இல்ல எக்ஸ்) டிசம்பர். "விதுவா"ன்னா பொண்ணு விதவை, "தெஸ்தெஸ்"னா சாட்சி. அப்பா பேருக்கு முன்னாடி "தெஃபுங்க்தி" இருந்தா அவர் அதுக்குள்ள இறந்துட்டாரு, அடக்க ரிஜிஸ்டர்ல அந்த வருஷத்துல ஆரம்பிச்சு அதுக்கு முந்தின வருஷங்களா தேடிட்டுப் போங்க.

இப்ப மெயின் மேட்டர். "திஸ்பென்சாசியோ"ன்னு பாத்தா விட்றாதீங்க, சர்ச் ரூல்ல இருந்து விலக்கு குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த வார்த்தை "தெனுன்சியாசியோ"ன்னு ஆரம்பிச்சா ஓலை வாசிக்கிறதுல (கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்ல பண்ற அறிவிப்புல) ஒண்ணோ ரெண்டோ கொறைச்சிருக்காங்க, அதுல நமக்கு ஒண்ணும் இல்ல. ஆனா "கொன்சாங்குனித்தாஸ்"னு வந்தா ரத்த சொந்தத்துல கட்டிருக்காங்க, அதுக்கு சர்ச் அனுமதி வாங்கியாகணும், எத்தனாவது கிராடுன்னும் (எவ்ளோ நெருங்குன சொந்தம்னு சொல்ற எண்) எழுதியாகணும். பழைய கணக்குல 2னா ரெண்டு பேருக்கும் தாத்தா பாட்டி ஒண்ணு, 3னா பூட்டன் பூட்டி ஒண்ணு, 2ம் 1ம் சேர்ந்து வந்தா பெரும்பாலும் அக்கா மகளக் கட்டுனது.

2ன்னு இருக்குன்னு வைங்க. சித்தப்பா பெரியப்பா புள்ளைங்க நம்ம முறையில அண்ணன் தங்கச்சி, அதனால அந்தப் பக்கம் தேடவே வேணாம். மாப்பிள்ளையோட அம்மாவும் பொண்ணோட அப்பாவும் கூடப் பொறந்தவங்களா, இல்ல மாப்பிள்ளையோட அப்பாவும் பொண்ணோட அம்மாவுமா, இந்த ரெண்டு ஜோடிய மட்டும் ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல பாருங்க, எந்த ஜோடிக்கு அப்பா அம்மா பேரு ஒண்ணா வருதோ அவங்கதான் நீங்க தேடுற தாத்தா பாட்டி. வெள்ளைக்கார வம்சாவளி கைடுல இந்த ஷார்ட்கட் கெடைக்காது!

ஒரே ஒரு எச்சரிக்கை, 1983 கடைசியில சர்ச் சட்டம் மாறுனப்ப எண்ணுற முறையும் மாறிருச்சு, அதுக்கப்புறம் அத்தை மகன் மாமன் மகள் கல்யாணத்துக்கு 4ன்னு இருக்கும். 1918க்கு முன்னாடி வர்ற 4 வேற, அது ரொம்ப தூரத்து சொந்தம்.

"அஃபினித்தாஸ்"னா ரத்த சொந்தம் இல்ல, சம்பந்தம் வழி, உதாரணத்துக்கு செத்துப்போன மனைவியோட தங்கச்சியக் கட்டுறது, அப்போ மொத கல்யாணம் ஒண்ணு இருக்கும், அதையும் தேடுங்க.

கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சுன்னே தெரியலையா, ஞானஸ்நான ரிஜிஸ்டரோட ஓரத்தப் பாருங்க. 1908ல இருந்து கல்யாணத்த அங்கயும் குறிக்கணும்னு ரூல், எல்லா சாமியாரும் ஒழுங்கா எழுதலதான், ஆனா எழுதியிருந்தா எந்தப் பங்கு, என்ன தேதின்னு ஒரே வரியில கெடச்சிரும்.