கடலடியில் ஒரு மறைநகரம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேன்டஸி கதைகளில் வரும் கடலடி நகரங்கள் பலவற்றை அப்படியே பெயர்த்து ஒரு மலையடிவாரத்தில் வைத்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது. தெரு இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, அரண்மனை வாசலில் வாள் ஏந்திய இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள். நடுநடுவே மீன் கூட்டம் கடந்து போகிறது, அதுதான் கடலாம். மந்திர உலகத்தில் எதுவும் நடக்கலாம், சரி. ஆனால் மந்திரம் எது என்று வாசகருக்குப் பிடிபட வேண்டுமென்றால், மந்திரம் தொடாத இடங்களில் தண்ணீர் தண்ணீராக நடந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, ஆழத்தை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்குவது. வரைபடம் போடுவதற்கும் அரச வம்சத்துக்குப் பெயர் வைப்பதற்கும் முன்னால், நகரம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று ஓர் எண்ணை எழுதி வையுங்கள். 30 மீட்டர், 300 மீட்டர், 3,000 மீட்டர் ஆகிய மூன்றும் மூன்று வேறு உலகங்கள். 30 மீட்டரில் வெயில் எட்டும், பாசி வளரும், மேலே புயலடித்தால் கீழேயும் ஆட்டம் தெரியும். 300 மீட்டரில் நண்பகலிலும் மங்கிய நீல இருட்டுதான். 3,000 மீட்டரில் சூரியன் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நீரின் வெப்பம் பெரும்பாலும் 4 டிகிரிக்குக் கீழே. பல கதைகளில் சந்தைத் தெருவில் சூரியக் கதிர் விழுகிறது, அதே நகரத்தை ஆயிரம் ஆண்டுகளாக மனிதக் கண் பார்த்ததும் இல்லை. தெருவில் வெயில் விழும் ஆழத்தை முத்துக் குளிப்பவரும் எட்டிவிடுவார். நிஜத்தில் மூழ்கிய ஊர்களைப் பாருங்கள்: கிரேக்கக் கரையோரத்துப் பாவ்லோபெட்ரி கிடப்பது வெறும் 3, 4 மீட்டர் ஆழத்தில்.

அடுத்தது கண்ணாடிக் குவிமாடம். காற்று நிரம்பிய பெரிய கூடாரம், உள்ளே நகரம். எழுதுவதற்கு வசதியானது, அதனால்தான் எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதில்தான் கணக்கு அதிகம் உதைக்கும். 100 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தில் சுமார் 21 லட்சம் கன மீட்டர் காற்று இருக்கும். அது விலக்கும் கடல்நீரின் எடை 21 லட்சம் டன்னுக்கு மேல். அடியில் நீர் புகுந்தாலோ, அடிப்பக்கம் திறந்திருந்தாலோ, அத்தனை விசையும் குவிமாடத்தை மேலே இழுக்கும். ‘மேலேயிருந்து நீர் நசுக்குகிறது’ என்று எழுதுபவர்கள், அது தண்ணீரில் அமுக்கிய பந்து போலத் துள்ளி எழப் பார்க்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைக் கடலடியோடு கட்டி வைத்திருப்பது எது? சங்கிலியா, வேரா, ஒரு சாபமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

உள்ளே இருக்கும் காற்றைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உள்காற்று வெளிநீருக்குச் சமமான அழுத்தத்தில் இருந்தால் தரையில் ஒரு துளை போட்டே கடலுக்குள் இறங்கலாம், நீர் உள்ளே ஏறாது. ஆனால் சாதாரணக் காற்று அந்த அழுத்தத்தில் சாதாரணமாக இருக்காது. 30 மீட்டரைத் தாண்டினால் நைட்ரஜன் போதை ஏற்றும்; இன்னும் ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும். நிஜ உலகில் மிக ஆழத்தில் வேலை செய்யும் மூழ்காளர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதனால் குரல் வாத்துபோல மாறிவிடுகிறது. கம்பீரமான அரசர் அந்தக் குரலில் ஆணையிடுவதை எண்ணிப் பாருங்கள். காற்றை நிலத்து அழுத்தத்திலேயே வைத்தால் குரல் தப்பும். ஆனால் சுவர் முழுச் சுமையையும் தாங்க வேண்டும், ஒவ்வொரு வாசலும் இரட்டைக் கதவுள்ள அறையாக வேண்டும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். இரண்டின் வசதிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் தவறு.

நீரையே சுவாசிக்கும் மக்கள் என்றால் இந்தத் தலைவலி இல்லை. அப்போது எதிர்த்திசையில் ஒரு தவறு வரும்: ‘ஆழத்தின் அழுத்தத்தில் வீடுகள் நொறுங்கின’ என்று எழுதுவது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் அதே நீர், அதே அழுத்தம். நொறுங்க எதுவும் இல்லை. அழுத்தம் நசுக்குவது காற்று அடைபட்ட இடங்களைத்தான்.

நிறத்தில் சறுக்குபவர்கள் ஏராளம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே சிவப்பு கருத்துப்போகும். ஆழ்கடல் உயிரினங்கள் பல சிவப்பாக இருப்பதே அங்கே அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான். ஆகவே மாணிக்கச் சிம்மாசனமும் செங்கொடியும் வெறும் கறுப்புதான், அருகில் விளக்கு இல்லாவிட்டால். உயிரினங்கள் தாமாக ஒளிர்வதும் பெரும்பாலும் நீலமும் பச்சையும். சிவப்பு விளக்கு ஏற்றத் தெரிந்த ஒரே குடும்பம் அந்த நகரத்தில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீந்தும் மக்களுக்குப் படிக்கட்டு எதற்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மதிலும் அப்படித்தான், கூரையில்லாத கோட்டைக்குள் எதிரி மேலிருந்து இறங்குவான். வாசல் கூரையில் இருக்கட்டும், தெருக்கள் செங்குத்தாகவும் ஓடட்டும். சண்டைக் காட்சியில் வாளை வீசாதீர்கள். நீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. குத்தலாம், வீச முடியாது.

நெருப்பு இல்லை என்பதன் விளைவுகளைப் பலர் கடைசிவரை பின்தொடர்வதில்லை. நெருப்பில்லையேல் உருக்கு இல்லை, கண்ணாடி இல்லை, சுட்ட ஓடு இல்லை. ‘எரிமலை வெந்நீர் ஊற்றில் உருக்கினார்கள்’ என்று தப்பிக்கவும் முடியாது. அந்த ஊற்றுகளின் நீர் 400 டிகிரி அளவில் நின்றுவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். தங்கத்தைக் குளிர்ந்த நிலையிலேயே தட்டி உருக்கொடுக்கலாம். மற்றபடி எலும்பு, சிப்பி, கருங்கல். இரும்புக் கத்தி ஒன்று இருந்தால் அது மூழ்கிய கப்பலிலிருந்து வந்தது. அப்படியென்றால் மறைந்து வாழும் இந்த நகரத்துக்கு மேலுலகத்தின் விபத்துகள் தேவைப்படுகின்றன.

உணவு விஷயமும் அப்படியே. வெளிச்சமில்லாத இடத்தில் பயிர் கிடையாது. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் செழித்த உயிரினக் கூட்டங்களைக் கண்டபோதுதான், சூரியனை நேரடியாக நம்பாமல் வேதிப்பொருள்களைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள் ஒரு சமூகத்தையே தாங்க முடியும் என்பது தெரிய வந்தது. நகரத்துக்கு அப்படி ஓர் ஊற்றை வையுங்கள். கூடவே, ஊற்றுகள் நிரந்தரமல்ல, சில பத்தாண்டுகளில்கூட அணைந்துபோகலாம் என்பதையும் வையுங்கள்.

இனி மறைந்திருத்தல். ‘மந்திர மூடுபனி சூழ்ந்திருந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது இங்கே வழக்கமான சோம்பேறித்தனம். கடலுக்கடியில் கண்ணிலிருந்து மறைவது சுலபம், இருட்டே போதும். காதிலிருந்து மறைவதுதான் கடினம். ஒலி நீரில் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். திமிங்கிலங்களின் தாழ்ந்த குரல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அப்படிப்பட்ட கடலில் முடிசூட்டு விழாவுக்குப் பெரிய மணி அடிக்கும் நகரம் எப்படி ரகசியமாக இருக்கும்? உண்மையாகவே ஒளிந்திருக்கும் ஊரில் கல் செதுக்குவதற்கே நேரக் கட்டுப்பாடு இருக்கும், குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தருவது சத்தமில்லாத சைகைகளாக இருக்கும். அப்புறம் குப்பை. மிதக்கும் எதுவும் மேலே போய்ச் சேரும். கழன்ற ஒரு மரத்துண்டு போதும் காட்டிக்கொடுக்க.

தலைமுறைகளாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள் வெளியாளோடு முதல் நாளே சரளமாகப் பேசுவதும், ‘விடியற்காலையில் சந்திப்போம்’ என்பதும் நம்பும்படி இல்லை. விடியல் தெரியாதவர்களுக்கும் நாள் தெரியும். கடலின் எண்ணற்ற சிற்றுயிர்கள் மாலையில் மேலேறி, விடியுமுன் ஆழத்துக்குத் திரும்புகின்றன. 400 மீட்டரில் இருக்கும் நகரத்துக்கு அதுவே கடிகாரம்.

கடைசியாக, தப்பிக்கும் காட்சி. நாயகி குவிமாடத்திலிருந்து நழுவி ஒரே மூச்சில் மேலே நீந்தி, அடுத்த பத்தியில் கரையில் கிடக்கிறாள். அழுத்தக் காற்றில் வாழ்ந்த உடலில் வாயு கரைந்து ஊறியிருக்கும். சட்டென்று மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து கொன்றுவிடும். 300 மீட்டர் அழுத்தத்தில் பல நாள் இருந்த மூழ்காளரை இயல்பு நிலைக்குக் கொண்டுவரப் பத்து நாள் அளவுக்கு ஆகிறது. அந்தப் பத்து நாளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று ஏற வேண்டியவளைத் துரத்துபவர்களுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்தபடி, யாரும் வேகமெடுக்க முடியாமல் ஏறும் துரத்தல் அது.