மூன்று நிமிட ஆட்டத்திலிருந்து இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு

இணையத்தில் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேகச் சதுரங்கம்) ஆடியே 2000க்கும் மேற்பட்ட ரேட்டிங்கை (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) எட்டிவிட்டு, அதன் பிறகு பல மாதங்களாக ஒரே இடத்தில் நின்றுவிட்ட ஆட்டக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இவர்களுக்குக் குறைவது திறமை அன்று. இரட்டைத் தாக்குதலையும் கடைசி வரிசை செக்மேட்டையும் இவர்களுடைய கண்கள் நொடியில் பிடித்துவிடுகின்றன. அந்த வேகமே இவர்களை இதுவரை கொண்டுவந்தது. இனி அது மட்டும் போதாது என்பதை ஏற்றுக்கொள்வதில்தான் பயிற்சி தொடங்குகிறது.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. மூன்று நிமிடமும், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதலும் உள்ள ஆட்டம் 60 நகர்த்தல்கள் நீண்டால், உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் ஐந்து நிமிடம், அதாவது ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக ஐந்து நொடி. 90 நிமிடமும் 30 நொடி கூடுதலும் தரப்படும் போட்டியில் அதே 60 நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நிமிடம். ஐந்து நொடியில் பழகிய ஒன்றை அடையாளம் காண மட்டுமே முடியும். இரண்டு நிமிடத்திலோ மூன்று நகர்த்தல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் சிறந்த பதிலைத் தேடி, அவற்றை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நீங்கள் பல்லாயிரம் ஆட்டங்களிலும் செய்து பழகியிருக்கவில்லை.

ஆகவே வாரத்துக்கு இரண்டு நீண்ட ஆட்டங்களாவது ஆடுங்கள். 30 நிமிடமும் 20 நொடி கூடுதலும் நல்ல அளவு. நேரம் இல்லாதவர்கள் 15 நிமிடமும் 10 நொடியும் வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஆட்டம் முடிந்தவுடன் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை ஆராயும் கணினி நிரலை, திறக்காதீர்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவது, நான் பார்த்தவரை, மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். முதலில் ஒரு நோட்டை எடுத்து, மிக அதிக நேரம் யோசித்த இடம், யோசிக்காமலே நகர்த்திய இடம், நிலை உங்கள் கையை விட்டுப் போனதாக உணர்ந்த இடம் ஆகிய மூன்றையும் குறித்து, அங்கே அப்போது உங்கள் மனத்தில் ஓடிய வரிசைகளை, அவை தவறு என்று இப்போது தெரிந்தாலும், அப்படியே எழுதுங்கள். 1948இல் உலகச் சாம்பியனான மிகயில் போட்வினிக், தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, பிறர் குறை காணும்படி வெளியிட வேண்டும் என்று வலியுறுத்திவந்தார். எஞ்சின் இல்லாத காலத்து அறிவுரை அது. எஞ்சின் இருக்கும் காலத்தில்தான் அதன் தேவை கூடியிருக்கிறது.

இதற்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சினைத் திறக்கலாம். அது எந்த நகர்த்தல் தவறு என்று சொல்லும். நீங்கள் ஏன் அதை ஆடினீர்கள் என்று சொல்லாது. அந்தக் காரணம் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. எதிராளியின் நகர்த்தலை நீங்கள் பார்க்கவே இல்லையா, பார்த்தும் ஒரு நகர்த்தலுக்கு முன்பே கணக்கை நிறுத்திவிட்டீர்களா, அல்லது எல்லாவற்றையும் சரியாகக் கணக்கிட்டு இறுதி நிலையைத் தவறாக மதிப்பிட்டீர்களா என்று பிரித்துப் பாருங்கள். பத்து ஆட்டங்களுக்குள் எந்த வகை உங்களுடையது என்பது தெரிந்துவிடும்.

முதல் வகைத் தவறு செய்பவர்கள், காயைத் தொடுவதற்கு முன் எதிராளிக்கு என்னென்ன செக், வெட்டு, மிரட்டல் இருக்கின்றன என்று பார்ப்பதை மாறாத ஒழுங்காக்கிக்கொண்டால் போதும்.

இரண்டாம் வகைக்கு மெதுவான கணக்கீடு தேவை. கடினமான ஒரு புதிரை உண்மையான பலகையில் அடுக்கி, காய்களை நகர்த்தாமல் 15 நிமிடம் யோசித்து, முழு விடையையும் எதிராளியின் மிக வலுவான தற்காப்புடன் சேர்த்து எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும். ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்த சிறு புதிர் இதற்கு ஏற்றது: எதிராளியின் சிப்பாயைத் துரத்திப் பிடிக்க முடியாத தொலைவில் இருக்கும் வெள்ளை ராஜா, தன் சிப்பாயை நோக்கியும் எதிராளியின் சிப்பாயை நோக்கியும் ஒரே சமயத்தில் மூலைவிட்டமாக நடந்து டிரா பெற்றுவிடுகிறது. முதல் பார்வையில் கண் அதை நம்ப மறுக்கும். கண் மறுப்பதைக் கணக்கு காட்டும் இத்தகைய நிலைகளே பிளிட்ஸ் பழக்கத்துக்கு நல்ல மருந்து.

மூன்றாம் வகையினர் சில காய்களே மிஞ்சியிருக்கும் இறுதியாட்டத்துக்குச் செல்ல வேண்டும், குறிப்பாக யானை இறுதியாட்டங்களுக்கு. லூசீனா நிலையில் ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் நிற்க, யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்து செக்குகளை மறைத்து வெல்லும் முறை ஒன்று. பிலிடோர் நிலையில் தற்காப்பவரின் யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் காத்திருந்து, சிப்பாய் அந்த வரிசைக்கு முன்னேறியவுடன் மறுகோடிக்குச் சென்று பின்னாலிருந்து செக் வைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் படித்தால் போதாது. எஞ்சினுக்கு எதிராக ஒன்றை வென்றும் மற்றதை டிரா செய்தும் காட்ட முடிகிற வரை ஆடிப் பாருங்கள்.

தொடக்கங்களை, அதாவது ஆட்டத்தின் முதல் நகர்த்தல் வரிசைகளை, பற்றிச் சொல்லச் சிறிதே உண்டு. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும். ராணியின் கேம்பிட் என்ற தொடக்கத்தில் சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பிறகு, ராணிப் பக்கத்தில் வெள்ளை தன் இரண்டு சிப்பாய்களைக் கொண்டு எதிராளியின் மூன்றை ஏன் தாக்குகிறது என்று அறிந்தவருக்கு, பதினைந்தாம் நகர்த்தல் மறந்துபோனாலும் வழி தெரியும்.

பிளிட்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. புதிய தொடக்கத்தைச் சோதிக்க ஒரு நாளுக்கு ஐந்து ஆட்டங்கள் ஆடுங்கள்; தொடர்ந்து இரண்டு தோற்றால் நிறுத்திவிடுங்கள்.

சில மாதங்கள் இப்படிப் பயின்ற பின் நேரடிப் போட்டிக்குச் செல்லுங்கள். அங்கே தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும். இணையத்தில் உள்ளதுபோல் முன்கூட்டியே நகர்த்தலைப் பதிவுசெய்யும் வசதி இல்லை. 30 நொடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி வரை ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் எழுத வேண்டும், அதுவும் ஆடிய பிறகே. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கும் இணைய ரேட்டிங்கும் வெவ்வேறு ஆட்டக்காரர் கூட்டத்துக்குள் கணக்கிடப்படுபவை என்பதால், முதலில் வரும் எண் சிறியதாக இருந்தால் கலங்க வேண்டாம். நகர்த்தலை எழுதும்போது அதன் பக்கத்தில் கடிகாரத்தில் மீதமுள்ள நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை நோட்டைத் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்களைத்தான்.