குளிர் தாங்கும் செம்பருத்தி: நடுவது முதல் கவாத்து வரை

உறைபனி விழும் இடத்தில் செம்பருத்தி தரையிலேயே நின்று வருஷா வருஷம் பூக்குமா? பூக்கும். ஆனால் அது நமக்குப் பழக்கமான செம்பருத்தி இல்லை. பளபளக்கும் கரும்பச்சை இலைகொண்ட அந்த வெப்பநாட்டுச் செடி கடும் பனிக்குப் பிழைக்காது. வாங்கும்போதே இலையைப் பாருங்கள். குளிர் தாங்கும் வகைகளின் இலையில் அந்த மினுமினுப்பு இருக்காது.

குளிர் தாங்குவதில் இரண்டு வகைகள் பிரபலம். ஒன்று சிரியாகஸ், தென்கொரியாவின் தேசிய மலர். மரம்போல் கெட்டியான கிளைகளோடு 8 முதல் 12 அடி வரை வளரும் புதர். இன்னொன்று மாஸ்கியூட்டோஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களில் இயல்பாக வளர்வது. குளிர்காலத்தில் தரைக்கு மேலே எல்லாம் காய்ந்துபோய், அடுத்த ஆண்டு வேரிலிருந்து புதிதாகக் கிளம்பும். பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் சிரியாகஸைச் சொல்வேன். வேர் பிடித்துவிட்டால் கொஞ்சம் வறட்சியையும் தாங்கும். மாஸ்கியூட்டோஸுக்கு மண் காயவே கூடாது.

வெயில் தினம் 6 மணி நேரமாவது வேண்டும். நிழலில் செடி உயரும், பூ குறையும். குழியைத் தொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாக எடுங்கள். ஆழம் தொட்டியளவு போதும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் நடுங்கள். மக்கிய உரமும், மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கும் நல்லது. ஆனால் மூடாக்கு தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளியே இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். இவை இரண்டும் வசந்தத்தில் மிகத் தாமதமாக எழுந்திருக்கும். மற்ற செடிகள் எல்லாம் இலைவிட்டு நிற்க, இது மட்டும் வெறும் குச்சியாக நிற்கும். மண் சூடேறும்வரை அப்படித்தான். செத்துவிட்டது என்று பிடுங்கப்படும் நல்ல செடிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் சிரியாகஸின் ஒரு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். நுனி கருகி அடி பிழைத்திருப்பது சகஜம். மாஸ்கியூட்டோஸில் பச்சையைத் தேடவே வேண்டாம், தண்டு எப்படியும் காய்ந்துதான் இருக்கும். அதை அரை அடி விட்டு வெட்டி வையுங்கள். வேர் எங்கே என்பதற்கு அந்தக் கட்டைதான் அடையாளம், இல்லாவிட்டால் மண்வெட்டி அதன்மேலேயே விழும். கோடை தொடங்கும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இரண்டுமே அந்த ஆண்டு வந்த புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் சிரியாகஸைக் கவாத்து செய்ய, குளிர்காலக் கடைசியில் இலை வருவதற்கு முன்பான நாட்களே சரி. கோடையில் வெட்டினால் மொட்டையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். போன ஆண்டுக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டுக் கத்தரித்தால் பூ பெரிதாக வரும். வெட்டாமல் விட்டால் சிறிதாக, நிறைய வரும்.

மொட்டு உதிர்ந்தால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்: ஒரு வாரம் வறட்சி, மறுவாரம் வெள்ளம் என்று மாறி மாறி இருந்தால் செடி மொட்டை உதிர்க்கும். தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழிக்கும். அசுவினிப் பூச்சி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். மலர்ந்த பூ ஓரிரு நாளில் சுருண்டுவிடுவது நோய் இல்லை, அதன் ஆயுளே அவ்வளவுதான். மறுநாள் வேறொன்று விரியும்.

சிரியாகஸ் விதை கீழே கொட்டி நாற்றுகளாக முளைத்துத் தள்ளும். காய் பழுப்பாகி வெடிப்பதற்குள் கிள்ளிவிடுங்கள், அல்லது விதை அரிதாகப் பிடிக்கும் 'டயானா' போன்ற ரகத்தை வாங்குங்கள். பிடித்த நிறத்தைப் பெருக்க விதை வேண்டாம், அதே நிறம் வரும் என்று நம்ப முடியாது. கோடைத் தொடக்கத்தில் அரை அடிக்குச் சற்றுக் குறைவான இளந்தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடித்ததும் தொட்டிக்கு மாற்றி, முதல் குளிர்காலத்தைக் காற்றுப்படாத மறைவிடத்தில் கழிக்க விடுங்கள்.